இல்லாத மலையின் நிழல்

கட்டாங்குறிச்சிக்கு மேற்கே மலை கிடையாது. கிழக்கேயும் கிடையாது, தெற்கேயும் வடக்கேயும் கிடையாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கண் போய்ப் போய்ச் சலித்துத் திரும்புகிற தட்டைப் பூமி, அதில் முள்ளைத் தவிர எதையும் முளைக்கவிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற சீமைக்கருவேலங்காடு, காட்டைப் பிளந்துகொண்டு ஒரு தார்ச்சாலை, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வந்து நிற்க மனமில்லாமல் நின்று போகிற பேருந்து, அவ்வளவுதான். ஊர் என்று பார்த்தால் கிழக்கே பெரிய தெரு, அங்கேதான் கோயிலும் பேருந்து நிறுத்தமும் மாடி வீடுகளும். நடுவில் சந்தைத் திடல். திடலைத் தாண்டினால் தண்ணீரைப் பார்த்துப் பல காலமான ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம், மேற்கே, மூட்டக்காரத் தெரு. கருவேல விறகை ஆளுயரத்துக்கு அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பை வைத்துக் கரியாக்குகிறவர்களின் தெரு அது. ஊரில் வெயில் அதிகமாகக் காய்வதும் கடைசியில் போவதும் அங்கேதான்.

அந்த ஊருக்கு ஒரு வைகாசி மாதம் மலையின் நிழல் வந்து சேர்ந்தது. பூச்செண்டு மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். பிற்பகல் வெயில் முதுகைப் பொசுக்கிக்கொண்டிருந்தது, திடீரென்று பொசுக்குவது நின்றது. மழை மேகமாக்கும் என்று அண்ணாந்து பார்த்தாள், மேகம் இல்லை, சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தது, கண்ணும் கூசத்தான் செய்தது. தரையில் மட்டும் மேற்கேயிருந்து ஒரு பெரிய நிழல், அகலமாக, குளுமையாக, மூட்டத்தை மூடி அவளை மூடி அவள் கையிலிருந்த மண்சட்டியையும் மூடிக்கொண்டு ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நிழலுக்கு ஒரு முகடு இருந்தது, முகட்டுக்கு இரண்டு பக்கமும் சரிவு இருந்தது, முகட்டை ஒட்டி வடக்குச் சரிவில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. மூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவள் புருசன் காத்தமுத்து எட்டிப் பார்த்து, புகையைப் பார்க்கிற அதே கண்ணால் நிழலையும் மேலும் கீழும் பார்த்தான்.

“மலை” என்றான்.

“ஆமா” என்றாள். பூசவேண்டிய மண் இன்னும் நிறையக் கிடந்தது, இரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. வெயிலில் வெந்த ஊருக்கு நிழல் வந்தால் எங்கேயிருந்து வந்தாய் என்று யார் கேட்பார்கள்? முதல் சில நாள் வாலிபப் பயல்கள் மலையைத் தேடி மேற்கே போனார்கள். முள்ளில் கிழிபட்டு நெடுந்தூரம் நடந்து, மலை நிற்கவேண்டிய இடத்தில் நின்றபோது அங்கே உச்சி முதல் பாதம் வரை வெயிலாக இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஊர் மட்டும் சுகமாக நிழலில் கிடந்தது, எரிச்சலோடு திரும்பி வந்துவிட்டார்கள். சர்வே ஆட்கள் வந்து முக்காலி வைத்துக் கண்ணாடியில் பார்த்து, பரமன் கடையில் டீ குடித்து, நிழலில் கொஞ்ச நேரம் கால் நீட்டிக் கண்ணயர்ந்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. கோழிகள் பிற்பகலிலேயே கூட்டுக்குள் அடைந்து, பிறகு இருட்ட இன்னும் நேரம் கிடக்கிறது என்று தெரிந்து அசட்டு முகத்தோடு வெளியே வந்தன. அந்திமந்தாரை பள்ளிக்கூடம் விடும் முன்பே பூத்தது. கோயில் பூசாரி சாயரட்சை பூசையை நிழலுக்குச் செய்வதா சூரியனுக்குச் செய்வதா என்று சில நாள் குழம்பி, இரண்டுக்கும் மணியடித்தார். பேருந்து நடத்துநர் “மலையடிவாரம் எறங்கு” என்று கேலியாகக் கூவ ஆரம்பித்து, கேலி தேய்ந்து அதுவே நிறுத்தத்தின் பெயராகிவிட்டது. கட்டாங்குறிச்சியா, அந்தப் பொட்டலுக்கா பெண் கொடுப்பது என்று முகத்தைத் திருப்பிய ஊர்க்காரர்கள்கூட இப்போது மலையடிவாரத்துச் சம்பந்தம் என்று பாக்கு மாற்ற வந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. நிழல் மேற்கேயிருந்து வந்ததால் மூட்டக்காரத் தெருவுக்கு முதலில் வந்தது, அங்கே நெடுநேரம் தங்கியது, பிறகு ஓடை, பிறகு திடல் என்று நகர்ந்து, பெரிய தெருவுக்குப் போய்ச் சேரும்போது பொழுதே சாய்ந்துவிடும். மூட்டங்களுக்கெல்லாம் முதலாளியான நல்லதம்பி வீட்டு மாடியில் நின்று, தன் தெரு காய்வதையும் தன்னிடம் வேலை செய்கிறவர்களின் தெரு குளிர்வதையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், மூட்டத்தை மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லி ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு மேற்கே வர ஆரம்பித்தார். இதற்கு முன்னால் அவர் அந்தத் தெருவில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குறட்டைச் சத்தத்தில் மேற்பார்வை நன்றாகவே நடந்தது.

அந்த நிழலில் தூங்காத ஒரே ஆள் காத்தமுத்து. மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டால் அது வெந்து அடங்கும்வரை பகலும் இரவும் காவல் இருக்க வேண்டும். மண் எங்கேயாவது வெடித்துக் காற்று உள்ளே போனால் உள்ளே இருப்பதெல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும். புகை வெள்ளையாக வந்தால் வேகிறது, நீலமாக மாறினால் வெந்துவிட்டது, அந்த மாற்றத்தைத் தவறவிடக் கூடாது. பூச்செண்டும் அவனும் முறை வைத்துத்தான் காவல் இருந்தார்கள் என்றாலும், அவள் முறையிலும் அவன் விழித்தே இருப்பான். படுத்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து குத்தவைத்தே கண்மூடிப் பழகி, பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. தீபாவளிக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாலும் சுவரோரம் குத்தவைத்துத்தான் தூங்குவான், நடுவில் திடுக்கிட்டு “பொகை மாறுதா?” என்று கேட்பான். கல்யாணம் ஆன நாள் முதல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, தூக்கத்திலேயே “இன்னும் இல்ல” என்று சொல்ல அவளும் பழகியிருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ராத்திரிப் பேச்சு அவ்வளவுதான்.

ஆடியில் ஒரு நாள், ஒரு மூட்டம் பிரித்துக் கரி அள்ளி முடிந்த பிற்பகல், காத்தமுத்து முகத்தைக் கழுவித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“செத்த நேரம் நெழல்ல நடந்துட்டு வாரேன்” என்றான்.

அவன் காரணமில்லாமல் நடந்து அவள் பார்த்ததில்லை. “போயிட்டு வாங்க” என்றாள். மேற்கே போனான், வரவில்லை. தேடினார்கள், முள்காட்டில் சல்லடை போட்டார்கள், பழைய கிணறுகளில் எட்டிப் பார்த்தார்கள், ஆள் இல்லை. சில நாள் கழித்துச் சாயங்காலம் திடலில் விளையாடிய பிள்ளைகள்தான் தரையைப் பார்த்துக் கத்தின. நிழல் மலையின் முகட்டில் ஒரு மனிதன் நடந்துகொண்டிருந்தான். இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தான், தோளில் துண்டு தொங்கியது. ஊரில் யாருக்கும் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூச்செண்டு வந்து பார்த்தாள், மண்ணில் உட்கார்ந்து அவன் நிழலைத் தொட்டாள், நிழல் அவள் விரலுக்கு மேலே ஏறிக் கடந்து போனது.

அன்றிலிருந்து தினமும் நடந்தாள். முகட்டின் விளிம்பு பிற்பகலில் அவள் தெருவைத் தொட்டுக் கிழக்கே கிளம்பும், மூட்டத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அவளும் கிளம்புவாள். ஓடையைத் தாண்டி, திடலைத் தாண்டி, விளிம்போடு விளிம்பாக, அவன் கூடவே. முதலில் மெதுவாகப் போகும், பொழுது சாயச் சாய வேகமெடுக்கும், கடைசியில் ஓட்டமும் நடையுமாகத்தான் போகவேண்டும். போகும்போது விறகு ஈரமாக வருகிறது, முட்டு வலிக்கிறது, ஓலைக்கூரையில் பாம்பு வந்தது என்று பேசிக்கொண்டே போவாள். நிழல் சுவர் வழியாக நுழையும், ஏறும், இறங்கும். அதற்கு எந்தத் தெரு யாருடையது என்ற கணக்கெல்லாம் இல்லை. முதல் நாள் நல்லதம்பி வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள், நிழல் உள்ளே போய்விட்டது. மறுநாளும் நின்றாள். மூன்றாவது முறை நின்றபோது அந்த வீட்டு அம்மாள் வாசல் கதவைத் திறந்தாள், பிறகு நடந்து போய்க் கொல்லைக் கதவையும் திறந்தாள். மூட்டக்காரத் தெருவிலிருந்து வந்த ஒரு கால் அந்த வாசற்படியை அதுவரை மிதித்ததில்லை. அப்புறம் வழியில் இருந்த வீடுகளெல்லாம் அந்த நேரத்துக்கு முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைக்கப் பழகின. ஐப்பசி, கார்த்திகை என்று சூரியன் தெற்கே ஒதுங்க ஒதுங்க நிழல் வடக்கே ஒதுங்கி வேறு வேறு வீடுகள் வழியாகப் போயிற்று, அந்தந்த வீடுகளும் திறந்தன. சில வீடுகளில் ஒரு செம்பு தண்ணீர் வைத்திருந்தார்கள், குடித்துவிட்டு ஓடுவாள். அவள் போன பிறகு கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன, மற்ற நேரத்தில் மற்ற சட்டங்கள் அப்படியே இருந்தன.

நடந்து நடந்து அவள் ஓய்ந்துபோயிருந்தாள். அவன் போனபிறகு இரண்டு பேர் காவலும் அவள் தலையில். பகலில் மண் சுமந்து, மாலையில் நிழலோடு ஓடி, ராத்திரி முழுக்கப் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வரவேண்டும் என்று அவள் கும்பிடாத சாமி இல்லை. ஆசையா அன்பா என்று கேட்டால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆள் வந்தால் பாதி ராத்திரியாவது தலை சாய்க்கலாம், அதுதான் அவள் வாய்விட்டுச் சொன்னது. ஆனால் “பொகை மாறுதா” என்று கேட்க ஆளில்லாத வீட்டில் அவளுக்கு அழுகை வந்ததும் உண்மை.

கார்த்திகை பிறந்ததும் அவன் நிழல் நடப்பதை நிறுத்திக்கொண்டது. முகட்டில் பாறைக்குப் பக்கத்தில் குத்தவைத்தவன் அப்படியே இருந்தான், நாள்கணக்கில், அசையாமல். அப்போதுதான் காத்தமுத்துவின் தம்பி சன்னாசி வந்தான். அவன் மகள் வளர்மதிக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது.

“மதினி, மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாக. பெரியப்பன் இருக்காரா, இல்லையான்னு. இருந்தா வந்து மணவறையில நிக்கணும். இல்லேன்னா கருமாதி பண்ணித் தீட்டுக் கழிச்சிருக்கணும். ரெண்டுங்கெட்டானா வச்சுக்கிட்டு எப்பிடித் தாலி கட்டுறதுங்கிறாக.”

“தெனம் பாக்குறியே தம்பி, இருக்காருல்ல?”

“அது கல்லு மதினி. இத்தனை நாளா அசையல. நீங்க கல்லுக்குப் பின்னால ஓடிக்கிட்டு இருக்கீக.”

“குத்தவச்சுத் தூங்குற மனுசன் அசையவா செய்வாரு?”

சன்னாசி கெட்டவன் இல்லை, அண்ணன் மேல் உயிரை வைத்திருந்தவன்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பின்னால் வளர்மதி நின்றாள். பூச்செண்டு தூக்கி வளர்த்த பெண். “பெரியம்மா” என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பூச்செண்டுக்கு அதுதான் தாங்கவில்லை. ஊர் கூடிப் பார்த்து ஒரு முடிவு சொல்லட்டும், கட்டுப்படுகிறேன் என்றாள்.

நல்லதம்பி முன்னால் நின்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். வரும் வெள்ளிக்கிழமை சந்தைத் திடலில் ஊர் கூடும். முகடு திடலுக்கு வந்ததும் எல்லாரும் பார்ப்பது. அசைந்தால் உயிரோடிருக்கிறான், அப்போதே கொட்டும் மேளமும் அடித்து மைக்கில் பெயர் சொல்லி அழைத்துக் கீழே இறக்குவது. அசையாவிட்டால் கருமாதிக்கு நாள் குறிப்பது. அவருக்கும் அவசரம் இருந்தது. காத்தமுத்து போனபிறகு இரண்டு மூட்டங்கள் சாம்பலாகியிருந்தன. பூச்செண்டு அன்று காலையில் குளித்து, நல்ல சேலை உடுத்தி, இறங்கி வருகிறவன் பசியோடு வருவான் என்று கருவாட்டுக் குழம்பு வைத்து மூடிவிட்டுப் போனாள்.

ஊர் கூட்டம் என்றால் பந்தல் இல்லாமலா? திடலை அடைத்து ஷாமியானா போட்டார்கள், நாற்காலி போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள், பெரிய தெருக்காரர்கள் முன்னாலும் மற்றவர்கள் பின்னாலுமாக உட்கார்ந்தார்கள். நிழல் ஓடையைத் தாண்டி வந்தது, முகடு திடலுக்குள் நுழைந்தது, நுழைந்த இடத்தில் காணாமல் போனது. பந்தலுக்குக் கீழே ஏற்கெனவே பந்தலின் நிழல் கிடந்தது. ஊரே குனிந்து நாற்காலிக் கால்களுக்கு நடுவில் தேடியது. இவ்வளவு காலம் நிழலோடு குடித்தனம் நடத்தியும் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசி வரிசையிலிருந்து பூச்செண்டுதான் எழுந்தாள்.

“பந்தலைப் பிரிங்க முதலாளி, அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு” என்றாள்.

கயிறை அவிழ்த்து, கம்பைப் பிடுங்கி, துணியைச் சுருட்டுவதற்குள் முகடு திடலைத் தாண்டிவிட்டது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, விளிம்பு வேகமெடுத்திருந்தது. முதல் ஆளாகப் பூச்செண்டு ஓடினாள், பின்னால் சன்னாசி, அவன் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லதம்பி, அதற்குப் பின்னால் இந்தத் தெரு அந்தத் தெரு என்ற வரிசையெல்லாம் குலைந்து மொத்த ஊரும், மேளக்காரர்களும், ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்த ஆளும். பெரிய தெருவின் நடுவில், கோயிலுக்கு முன்னால் போய் அவனைப் பிடித்தார்கள்.

அவன் குத்தவைத்திருக்கவில்லை. படுத்திருந்தான்.

முகட்டின் மேல் மல்லாந்து, காலை நீட்டி, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தெரு நீளத்துக்குக் கிடந்தான். விழுந்து கிடக்கிறான், முடிந்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். சன்னாசி வாயில் துண்டை வைத்து அழ ஆரம்பித்தான். அப்போது நிழல் ஒரு முழங்காலை மடக்கியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, தோளைத் தூக்கி, மெதுவாக ஒருக்களித்துப் புரண்டு படுத்து, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டது. ஊரே பார்த்தது.

“இருக்காரு. அண்ணன் இருக்காரு மதினி” என்று சன்னாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். நல்லதம்பி மேளக்காரர்களைக் கூப்பிட்டார். “மொகட்டுக்கு நேரா நின்னு அடிங்கப்பா. சத்தத்துல பய எந்திரிச்சு ஓடி வரணும். வந்ததும் வடக்கு மூட்டத்தை அடுக்கிரணும், விறகு காஞ்சு கெடக்கு.”

பூச்செண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் கால் நீட்டிப் படுத்து அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. நான் இங்கே கண் எரிய உட்கார்ந்திருக்கிறேன், நீ அங்கே போய்ச் சொகுசாகப் புரளுகிறாயா என்று நினைத்தாள். ஒரு சத்தம் போட்டால் போதும், திடுக்கிட்டு எழுந்து புகை மாறுகிறதா என்று கேட்பான், இடது காலை அகட்டி அகட்டி இறங்கி வந்துவிடுவான். இன்று ராத்திரியே அவள் பாதித் தூக்கம் தூங்கலாம். அவன் விலா ஏறி இறங்குவது நிழலில் தெரிந்தது. அவசரமில்லாமல் ஏறி, அவசரமில்லாமல் இறங்கியது. மூட்டத்தை மறந்துவிட்ட மூச்சு அது. பார்க்கப் பார்க்க அவள் கோபம் வடிந்தது.

மேளக்காரர் குச்சியை ஓங்கினார். பூச்செண்டு போய் அவர் கையைப் பிடித்தாள்.

“வேணாம்யா. அவரு செத்துட்டாரு. ஆகவேண்டியதைப் பாருங்க” என்றாள்.

“என்ன புள்ள சொல்றே? இப்பப் பெரண்டு படுத்தானே, இத்தனை பேரு பாத்தோமே” என்றார் நல்லதம்பி.

“பொணம் பெரளும் முதலாளி. சுடுகாட்டுல எந்திரிச்சு உக்காரவே செய்யும், நரம்பு இழுக்கும். நீங்க பாத்ததில்லையா?”

நல்லதம்பி தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். ஊர் முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டது. சன்னாசி மட்டும் “மதினி, வேணாம், யோசிச்சுப் பேசுங்க” என்றான்.

“யோசிச்சுட்டேன் தம்பி. புள்ள கல்யாணம் நிக்கக் கூடாது. பெரியப்பன் செத்துப்போனான்னு சொல்லிரு.” சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தையை யாரும் திருப்பித் தர முடியாதபடி, அந்தப் பெரிய தெரு நடுவிலேயே நின்று தாலிக்கயிற்றைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். விடிந்தால் மண் சுமக்கவேண்டும், வடக்கு மூட்டத்தை அவள்தான் அடுக்கவேண்டும், இனி எல்லா ராத்திரியும் இரண்டு பேர் காவலும் அவளுக்குத்தான். அது தெரிந்துதான் முடிந்தாள்.

மறுநாள் பிற்பகல் துக்கத்துக்குக் கூடினார்கள். உடம்பு இல்லாததால் அவன் வேட்டியைப் பாயில் விரித்து, தலைமாட்டில் விளக்கேற்றி, வாசலில் வைத்திருந்தார்கள். பெரிய தெருப் பெண்களும் ஓடையைத் தாண்டி வந்திருந்தார்கள். முகடு அப்போதுதான் தெருவுக்குள் வந்தது, தூங்குகிறவனையும் கொண்டுவந்து பாய்க்குப் பக்கத்தில் கிடத்தியது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, கால் பட்டுவிடாமல் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாகி, கூந்தலை அவிழ்த்து, மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கி, முதல் ஒப்பாரியை எடுத்தார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த பூச்செண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“செத்த மெதுவா அழுங்கத்தா” என்றாள். “இப்பத்தான் கண்ணசந்திருக்காரு.”